டி வரிசையின் பொய் வெளிச்சம்: ஓர் எலைசா ரீடரைச் சரிசெய்த பதிவு

நேற்று மாலை கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீரை ரீடரின் ப்ளேட்டில் எட்டு வரிசையிலும் ஊற்றிப் படிக்க விட்டபோது, டி வரிசை முதல் தடவையாக மற்ற ஏழோடு ஒத்துப்போனது. டி 2.39 காட்டியது. மேல் வரிசை 2.41, கீழ் வரிசை 2.38. இதற்குப் பதினொரு நாள் ஆனது. நான்கு தடவை போய்வந்தேன். நடுவில் ஒரு தடவை நானே கெடுத்தும் வைத்தேன். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கல்லூரி ஆய்வகம். அங்கே பழைய 96 குழி ப்ளேட் ரீடர் ஒன்று. எலைசா சோதனையில் குழிக்குள் உண்டாகும் நிறம் எவ்வளவு அடர்த்தி என்று வெளிச்சம் பாய்ச்சி அளக்கும் மெஷின். ப்ளேட்டில் ஏ முதல் எச் வரை எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி. கம்பெனி பெயர் வேண்டாம், இப்போது உதிரிபாகமும் கிடைப்பதில்லை. புகார் இதுதான்: ஒரே மாதிரியை இரண்டு குழியில் போட்டால், டி வரிசையில் விழுந்தது மட்டும் குறைவாகக் காட்டுகிறது. அதுவும் எப்போதும் இல்லை. வெளிர் நிறமாக இருந்தால் சரியாக இருக்கிறது, நிறம் அடர்த்தியானால் பிசகுகிறது. மேடம் கேட்டது ஒன்றுதான். "சார், கிட் தப்பா, மெஷின் தப்பா, அத மட்டும் சொல்லிடுங்க." சோதனைக்கான மருந்துப் பெட்டியைத்தான் கிட் என்கிறார், இரண்டு வாங்கி வீணாகியிருந்தது.

வேலை தொடங்குமுன் ஒரு விஷயம். இந்த மாதிரி மெஷினில் ரத்த சீரம் வைத்த ப்ளேட்டெல்லாம் போய்வந்திருக்கும். கையுறை போட்டு, ப்ளேட் போகும் தட்டையும் உள்பக்கத்தையும் 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்த பிறகுதான் ஸ்க்ரூவில் கை வைத்தேன்.

உள்ளே வெளிச்சம் போகும் பாதை சுலபமானது. 12 வோல்ட் 20 வாட் ஹாலஜன் பல்ப். அதன் முன்னால் சுழலும் சக்கரத்தில் நான்கு ஃபில்டர்: 405, 450, 492, 630 நானோமீட்டர். ஃபில்டரைத் தாண்டிய வெளிச்சம் எட்டு ஃபைபர் இழைகளாகப் பிரிந்து ப்ளேட்டுக்கு மேலே வந்து நிற்கிறது. எட்டு வரிசைக்கு எட்டு இழை. குழிக்குள் இருக்கும் திரவம் வழியாக இறங்கி, கீழே சின்ன லென்ஸ், அதற்கடியில் ஃபோட்டோடயோட், அதை ஒட்டியே ஆப்-ஆம்ப் என்ற சிக்னல் பெருக்கி. இரண்டு டிஎல்074 ஐசி, ஒன்றுக்குள் நான்காக மொத்தம் எட்டு. ஒவ்வொன்றுக்கும் 100 மெகாஓம் ரெசிஸ்டர். டயோடு தரும் நானோஆம்பியர் கரண்ட்டை அந்த ரெசிஸ்டர்தான் வோல்ட்டாக மாற்றுகிறது. எட்டு வெளியீட்டையும் 4051 என்ற ஸ்விட்ச் ஐசி ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வோல்ட்டை எண்ணாக மாற்றும் 16 பிட் ஏடிசிக்கு அனுப்புகிறது. மோட்டார் ப்ளேட்டை ஒரு நெடுவரிசை நகர்த்தும், எட்டு குழி படிக்கும், மறுபடி நகர்த்தும். இப்படிப் பன்னிரண்டு தடவை.

ப்ளேட் இல்லாமல் வெறும் காற்று வழியாக வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு ஆப்-ஆம்ப்பும் சுமார் 4 வோல்ட் தருகிறது. மெஷின் காட்டும் எண்ணுக்கு ஓடி (OD, ஒளி அடர்த்தி) என்று பெயர். ஓடி 1 என்றால் அந்த 4 வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, 400 மில்லிவோல்ட். ஓடி 2 என்றால் 40 மில்லிவோல்ட். ஓடி 3 என்றால் வெறும் 4. இந்த மூன்று எண்ணையும் முதல் நாளே உட்கார்ந்து யோசித்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். யோசிக்கவில்லை. பல்பைத்தான் பார்த்தேன்.

பல்பின் கண்ணாடி கறுத்திருந்தது. அதனால் மாற்றினேன், 380 ரூபாய். ஹாலஜன் பல்பை வெறும் விரலால் தொட்டால் எண்ணெய் ஒட்டி, சூட்டில் கண்ணாடி அந்த இடத்தில் கெடும். டிஷ்யூ பேப்பரில் பிடித்துப் போட்டு, ஆல்கஹாலால் ஒரு தடவை துடைத்தேன். எட்டு வரிசையிலும் வெளிச்சம் கூடியது, டியின் பிசகு அப்படியே இருந்தது. ஒரே பல்பிலிருந்து எட்டுக்கும் போகும்போது ஒன்று மட்டும் கெட பல்பு எப்படிக் காரணமாகும் என்று வீடு திரும்பும் பஸ்ஸில்தான் தோன்றியது.

இரண்டாம் தடவை போகும்போது கடையில் பத்து ரூபாய்க்குக் கேசரிப் பவுடர் வாங்கிக்கொண்டேன். அளவுக்கென்று விற்கும் நிறத் தட்டுகள் விலை அதிகம், எனக்கு வேண்டியது சரிபாதியாகக் குறைந்துகொண்டே போகும் ஒரு நிறம், அவ்வளவுதான். மஞ்சள் நிறம் 450 நானோமீட்டர் வெளிச்சத்தை நன்றாக உறிஞ்சும். தண்ணீரில் கரைத்து வடிகட்டி, நல்ல வரிசைகளில் 2.4 வரும் அளவுக்குச் சரிப்படுத்தினேன். பிறகு ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பாதிப்பாதியாக நீர்த்து, குழிக்கு 200 மைக்ரோலிட்டர். நிறம் பாதியானால் ஓடியும் பாதியாக வேண்டும்.

நல்ல வரிசைகள்: 2.40, 1.20, 0.60, 0.30. டி வரிசை: 1.73, 1.11, 0.58, 0.29.

இந்த நான்கு ஜோடி எண்ணை நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதும் விஷயம் வேறு மாதிரி தெரிந்தது. கீழே 0.29 என்பது பிப்பெட் பிழை என்று எவரும் விட்டுவிடுவார்கள். மேலே போகப்போகத்தான் பொய் பெருகுகிறது. மாணவர்கள் வெளிர் நிறமான கன்ட்ரோல் (ஒப்பீட்டுக்கு வைக்கும்) குழியைப் பார்த்து மெஷின் நன்றாக இருக்கிறது என்று நினைத்ததில் தப்பே இல்லை.

ஃபைபரா, எலக்ட்ரானிக்ஸா என்று தெரிய டி வரிசை, அடுத்துள்ள இ வரிசை இரண்டின் இழைகளையும் மேல் தலையில் இடம் மாற்றிச் சொருகினேன். பிசகு டியிலேயே நின்றது. ஆக ஃபைபர் நல்லது, கீழேதான் கோளாறு.

அதற்கடுத்து இருட்டை அளந்தேன். பல்பின் கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஆப்-ஆம்ப் வெளியீடுகளை ஒவ்வொன்றாக மல்டிமீட்டரில் பார்த்தேன். எட்டிலும் 200 மில்லிவோல்ட்டுக்கு மேல். ஒரு நிமிடம் நெஞ்சு பக்கென்றது. அப்புறம்தான் தலைக்கு மேலே டியூப்லைட் எரிவது ஞாபகம் வந்தது, மூடியை நான் திறந்து வைத்திருந்தேன். கறுப்புத் துணி தேடினோம், கிடைக்கவில்லை. வெளியே ஐப்பசி மழை, லேப் அண்ணன் தன் கறுப்புக் குடையைக் கொண்டுவந்து விரித்து மெஷின் மேல் கவிழ்த்தார். விளக்கையும் அணைத்தோம். இப்போது ஏழு வரிசையில் 1 முதல் 2 மில்லிவோல்ட். டியில் 60.

வெளிச்சமே இல்லாதபோது 60 மில்லிவோல்ட் வெளிச்சம் இருப்பதாக டி சொல்கிறது. ஓடி 2.4இல் உண்மையான சிக்னல் 16 மில்லிவோல்ட்தான். அதோடு 60 சேர்ந்தால் 76. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், 1.73 வந்தது. கேசரித் தண்ணீர் காட்டிய அதே எண். ஓடி 0.3இல் சிக்னல் 2000 மில்லிவோல்ட், அங்கே 60 கூடினால் யாருக்குத் தெரியும்?

போர்டில் ஒவ்வொரு வரிசைக்கும் இருட்டில் வெளியீடு சுழியாக இருக்கும்படி சரிசெய்ய ஒரு பலசுற்று பிரிசெட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) இருக்கிறது. டியின் பிரிசெட் ஏற்கெனவே ஒரு பக்கக் கடைசிவரை திருகப்பட்டிருந்தது. எனக்கு முன் வந்த யாரோ செய்த வேலை. அதைப் பார்த்ததும் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் அதையே நானும் செய்தேன். பிரிசெட்டோடு தொடரில் இருந்த ரெசிஸ்டரைக் கொஞ்சம் குறைத்து, திருகலுக்கு இடம் உண்டாக்கி, 60ஐ 1 ஆக்கினேன். கேசரித் தண்ணீர் அழகாக வந்தது. காபி குடித்துவிட்டுக் கிளம்பினேன். அன்று இரவு முழுக்க அடைமழை. காலையில் போன் வந்தது. "சார், இன்னிக்கு டி மட்டும் இன்னும் மோசம்."

மூன்றாம் தடவை. பிரிசெட் ரெசிஸ்டரைப் பழையபடி ஆக்கினேன். டியை ஓட்டுவது முதல் டிஎல்074இன் நான்காவது ஆப்-ஆம்ப், அதன் நுழைவு 13ஆம் கால். ஐசி கசிகிறது என்று முடிவு கட்டினேன். அது தப்பான முடிவு என்றாலும் முட்டாள்தனம் இல்லை. இந்த ஐசியின் நுழைவுக் கரண்ட் சில பத்துப் பிகோஆம்பியர், பத்து டிகிரி சூடு ஏறினால் இரட்டிப்பாகும், வயதானால் கெடவும் கெடும். புது ஐசி 30 ரூபாய், வரும்காலத்துக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஐசியைச் சொருகிக் கழற்ற ஐந்து ரூபாய் ஐசி பேஸும் போட்டேன். ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்டத் தடவும் பசை) தாராளமாகத் தடவி சால்டர் செய்தேன். இருட்டை அளந்தால் 140.

60 இருந்த இடத்தில் 140! ரெசிஸ்டர் மேல் சந்தேகம் திரும்பியது. 100 மெகாஓம் உள்ளூரில் கிடைக்கவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடலாம், அதற்காகச் சென்னை போய்வர ஒரு நாள் ஆகும். 10 மெகாஓம் இருபது வாங்கினால்தான் தருவேன் என்றார் கடைக்காரர், 40 ரூபாய். பத்தை வரிசையாகச் சேர்த்து ரயில்பெட்டி மாதிரி கட்டிப் போட்டுப் பார்த்தேன். 138. எந்த வித்தியாசமும் இல்லை. மல்டிமீட்டரில் 13ஆம் காலுக்கும் சுற்றியிருந்த எல்லாக் கால்களுக்கும் நடுவே தடை பார்த்தேன், எல்லாம் ஓப்பன், அதாவது இணைப்பே இல்லை.

வெறுத்துப்போய் பூதக்கண்ணாடியோடு போர்டின் மேல் குனிந்தேன். மீட்டர் க்ளிப் மாட்டியபடியே இருந்தது. 138 மளமளவென்று ஏறி 400ஐத் தொட்டது. பயந்து பின்னால் சாய்ந்தேன். அரை நிமிடத்தில் மெதுவாக இறங்கி 140க்கு வந்தது. மறுபடி குனிந்தேன், ஏறியது. நிழலாக இருக்குமோ என்று கையை நீட்டிப் பார்த்தேன், அசையவில்லை. வாயைத் திறந்து லேசாக ஹா என்று ஊதினேன். 600.

என் மூச்சின் ஈரத்துக்குத்தான் இந்த ஆட்டம். அப்போதுதான் கணக்குப் போட்டேன். 100 மெகாஓமில் 60 மில்லிவோல்ட் உண்டாக 0.6 நானோஆம்பியர் போதும். 13ஆம் காலுக்குப் போகும் பாதையை ஒட்டி மைனஸ் 12 வோல்ட் பாதை ஒன்று ஓடுகிறது. 12 வோல்ட்டிலிருந்து 0.6 நானோஆம்பியர் கசிய வேண்டும் என்றால், நடுவில் 20 கிகாஓம் (20,000 மெகாஓம்) தடை இருந்தால் போதும். என் மல்டிமீட்டரின் எல்லை 40 மெகாஓம். அதைவிட 500 மடங்கு பெரிய தடையை அது ஓப்பன் என்று சொன்னதில் குற்றமில்லை. கெட்டது எந்தப் பாகமும் இல்லை, போர்டின் தோல்.

டி லென்ஸைக் கழற்றினேன். அதைச் சுற்றியிருந்த ரப்பர் ஓ-ரிங் வெடித்திருந்தது. கீழே போர்டில், நகத்தளவுக்கு, சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் வெள்ளைத் திட்டு. ப்ளேட்டைக் கழுவும் பஃபர் எப்போதோ சிந்தி உள்ளே இறங்கிக் காய்ந்திருக்கிறது. கழுவப் பயன்படும் அந்தப் பிபிஎஸ் பஃபரில் லிட்டருக்கு எட்டு கிராம் சாதாரண உப்பு, போதாததற்கு ட்வீன் என்ற சோப்பு. மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசப்பதுபோல இதுவும் ஈரம் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இரவில் ஏசியை அணைத்துவிட்டால் காலையில் அதிகம். அதோடு என் ஃப்ளக்ஸ் வேறு. ஐசி பேஸுக்கு அடியில் போன ஃப்ளக்ஸைத் துடைக்கவே வழியில்லை.

முதலில் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். 70க்கு இறங்கியது, ஆனால் வெள்ளைப் புகை மாதிரி படர்ந்து நின்றது. ஃப்ளக்ஸ் ஆல்கஹாலில் கரையும், உப்பு கரையாது. இதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன், பஞ்சோடு நிற்கும்போது ஞாபகம் வரவில்லை. பேஸைப் பிடுங்கி எறிந்து, போர்டைத் தனியாகக் கழற்றி, வெதுவெதுப்பான டிஸ்டில்டு தண்ணீரில் மெல்லிய பல்துலக்கும் பிரஷ்ஷால் இரண்டு தடவை கழுவினேன். மூன்றாவதாகப் புதுத் தண்ணீரில் ஓர் அலசல். தண்ணீரைத் தள்ளிவிட ஆல்கஹால். பிறகு ஆய்வகத்தின் ஹாட் ஏர் அவனில் 60 டிகிரியில் மூன்று மணி நேரம். ரெசிஸ்டர் ரயிலை எடுத்துவிட்டுப் பழைய 100 மெகாஓமையே திரும்ப வைத்தேன், ஐசியை நேரடியாக சால்டர் செய்து அந்த இடத்தை மட்டும் மறுபடி கழுவினேன்.

5 மில்லிவோல்ட். ஊதினால் 30 வரை போய்த் திரும்பியது. முன்னைக்குப் பரவாயில்லை, மற்ற ஏழும் ஊதினால் 3ஐத் தாண்டுவதில்லை. உப்பு போர்டின் உள்ளே கொஞ்சம் ஊறியிருக்க வேண்டும்.

நான்காம் தடவை நேற்று. மழை நாள்தான், அது நல்லதாகப் போயிற்று. ஊதாமலே 14 காட்டியது. இனிப் போர்டை நம்பக்கூடாது என்று 13ஆம் காலை போர்டிலிருந்து தூக்கி, மேல்பக்கமாக வளைத்தேன். ஃபோட்டோடயோடின் கால், ரெசிஸ்டரின் ஒரு கால், ஐசியின் 13ஆம் கால் மூன்றையும் காற்றிலேயே சேர்த்து சால்டர் வைத்தேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, குருவிக்கூடு மாதிரி. ஆனால் காற்றைவிட நல்ல இன்சுலேட்டர் என் பெட்டியில் இல்லை. இருட்டு 1.2. வாய் வலிக்க ஊதியும் 1.4. பிரிசெட்டை நடுவுக்குக் கொண்டுவந்து சுழியாக்கினேன். இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: அளப்பதை எப்போதும் வெளியீட்டுக் காலில் செய்யுங்கள். நுழைவுக் காலில் மீட்டர் முனையை வைத்தால் மீட்டரே கசிவாகிவிடும்.

டி வரிசைக்குச் சம்பந்தமில்லாத இன்னொன்றும் இந்த அலைச்சலில் அகப்பட்டது. ஒரே குழியைப் பத்து தடவை படித்தால் எட்டு வரிசையிலும் 0.015 வரை ஆடியது. பல்பின் முனைகளில் ஸ்கோப் வைத்தால் 100 ஹெர்ட்ஸில் 180 மில்லிவோல்ட் ரிப்பிள் (வோல்ட்டேஜின் ஏற்ற இறக்கம்). ஹாலஜன் வெளிச்சம் வோல்ட்டேஜின் ஏறக்குறைய 3.4ஆம் அடுக்காகப் போகும், ஒரு சதவீத வோல்ட் மாறினால் மூன்று சதவீதத்துக்கு மேல் வெளிச்சம் மாறும். இந்த மெஷின் காற்று வழி வெளிச்சத்தை ப்ளேட்டுக்கு ஒரே ஒரு தடவைதான் பார்த்து வைத்துக்கொள்கிறது, நடுவில் பல்பு ஆடினால் அதற்குத் தெரியாது. பவர் சப்ளையில் இரண்டு 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். தலை உப்பியிருந்தது ஒன்று, கழற்றி அளந்தால் 1900. இரண்டையும் மாற்றினேன், ரிப்பிள் 6 மில்லிவோல்ட் ஆனது, ஆட்டம் 0.002க்குள் வந்தது. ரெகுலேட்டரை 12க்குப் பதில் 11.4 வோல்ட்டில் வைத்திருக்கிறார்கள், அதைத் தொடவில்லை. ஐந்து சதவீதம் குறைத்து ஓட்டினால் வெளிச்சம் ஆறில் ஒரு பங்கு போகும், பல்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நாள் உழைக்கும். யாரோ யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

செலவு: கெப்பாசிட்டர் 90, ஐசி இரண்டு 60, ஆல்கஹால் அரை லிட்டர் 260, டிஸ்டில்டு தண்ணீர் 100, ஓ-ரிங் 15, கேசரிப் பவுடர் 10, பல்பு 380, ரெசிஸ்டர் 40, பேஸ் 5. மொத்தம் 960. இதில் பல்பு, ரெசிஸ்டர், பேஸ், முதலில் அவசரத்தில் சூடுபோட்டுக் கெடுத்த ஒரு ஐசி, ஆக 455 ரூபாய் என் தப்புக்குக் கட்டிய பணம். அதை நான் பில்லில் சேர்க்கவில்லை. பழைய டிஎல்074 என் பெட்டியில் இருக்கிறது. வேறொரு சர்க்யூட்டில் போட்டுப் பார்த்தேன், நன்றாகவே வேலை செய்கிறது.

அடுத்த தடவை இப்படி ஒன்று வந்தால் குடையும் கேசரிப் பவுடரும் எடுத்துக்கொண்டுதான் போவேன். பல்பைக் கழற்றி இருட்டை அளக்க ஐந்து நிமிடம், நீர்த்தல் வரிசை படிக்க இருபது நிமிடம். ஊதிப் பார்ப்பதை மூன்றாம் நாளில் தற்செயலாகச் செய்யாமல் முதல் நாளிலேயே வேண்டுமென்றே செய்வேன். மற்ற ஏழு ஓ-ரிங்கையும் இப்போதே மாற்றியிருக்கலாம், ஒன்றுதான் கையில் இருந்தது.

இன்னும் ஒரு பாக்கி உண்டு. 405 ஃபில்டரில் எவ்வளவு அடர்த்தியாகக் கேசரித் தண்ணீர் ஊற்றினாலும் எட்டு வரிசையும் 2.1இல் முட்டி நிற்கின்றன. இருட்டு சரியாக இருக்கிறது, ஆக இது நிஜ வெளிச்சம்தான். ஃபில்டரின் ஓரத்தில் பூஞ்சை மாதிரி புள்ளிகள் தெரிகின்றன. பூச்சு உரிந்து அகச்சிவப்பு கசிகிறது என்று நினைக்கிறேன். ஹாலஜனில் அதுதான் அதிகம், சிலிக்கன் டயோடுக்கு 900 நானோமீட்டர் பக்கத்தில்தான் கண் கூர்மை, மஞ்சள் நிறமோ அதைத் தடுக்காது. பழைய சிசிடிவி கேமராவிலிருந்து எடுத்த அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அது 8 மில்லிமீட்டர், ஃபில்டர் துளை 12.5. சுற்றிலும் வெளிச்சம் ஒழுகியது. புது ஃபில்டர் வர ஆறு வாரம் என்கிறார்கள். அதுவரை 405இல் 1.5க்கு மேல் வந்தால் மாதிரியை நீர்த்துப் போடச் சொல்லி மெஷின் மேல் ஒரு சீட்டு ஒட்டிவிட்டு வந்தேன்.